லோவெல் பஞ்சாலைப் பெண்கள்

தொழிற்புரட்சி என்றதும் பள்ளிப் புத்தகத்தில் படித்த சில பெயர்கள் வரிசையாக நினைவுக்கு வரும். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம், ஹார்கிரீவ்ஸின் நூற்பு எந்திரம், ஆர்க்ரைட், கார்ட்ரைட்டின் விசைத்தறி... எல்லாமே ஆண்களின் பெயர்கள். ஆனால் அந்த எந்திரங்களுக்கு முன்னால் பொழுது முழுக்க நின்று வேலை பார்த்தவர்கள் யார்? பஞ்சாலைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் பெண்களும் சிறுவர் சிறுமியரும்தான். அவர்களுடைய பெயர் எந்தப் பாடத்திலும் வருவதில்லை. பரீட்சைக்கும் கேட்பதில்லை!

இப்படிப் பெயர் தெரியாமல் போனவர்களுக்கு நடுவில், தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு கூட்டமும் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் என்ற ஊரில், 1820களிலிருந்து 1840கள் வரை பஞ்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்கள் அவர்கள். இவர்களை அடக்க ஒடுக்கமாக வைத்திருக்க ஆலை முதலாளிகள் நிறைய ஏற்பாடுகள் செய்தார்கள். அந்த ஏற்பாடுகளே பின்னால் முதலாளிகளுக்கு எதிராகத் திரும்பின. அது எப்படி என்று பார்ப்போம்.

மனதில் வந்து இறங்கிய விசைத்தறி

பிரான்சிஸ் கேபட் லோவெல் பாஸ்டன் நகரத்து வணிகர். 1810ல் குடும்பத்தோடு பிரிட்டன் போய் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அப்போது உலகத்திலேயே பஞ்சாலைத் தொழிலில் முன்னணியில் இருந்தது பிரிட்டன்தான். எந்திரங்களையோ அவற்றின் வரைபடங்களையோ நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அங்கே சட்டப்படி தடை இருந்தது. லோவெல் எதையும் எடுத்து வரவில்லை. ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறி எப்படி இயங்குகிறது என்பதை மனதில் பதிய வைத்துக்கொண்டு 1812ல் ஊர் திரும்பினார். பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கின் உதவியோடு அதை இங்கே உருவாக்கினார்.

1814ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் என்ற இடத்தில் அவர்களுடைய ஆலை ஓடத் தொடங்கியது. அதில் ஒரு புதுமை இருந்தது. பஞ்சுப் பொதி ஒரு பக்கம் உள்ளே போனால், மறுபக்கம் துணியாக வெளியே வரும். நூற்பும் நெசவும் ஒரே கூரைக்குக் கீழே.

லோவெல் 1817ல் தம் 42வது வயதில் இறந்துபோனார். கூட்டாளிகள் பெரிய இடம் தேடினார்கள். மெரிமேக் ஆறு சுமார் 30 அடி கீழே விழும் ஒரு அருவி கிடைத்தது. அங்கே 1823ல் முதல் ஆலை துணி நெய்யத் தொடங்கியது. 1826ல் அந்த இடம் தனி ஊரானது. இறந்துபோன நண்பரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சில பண்ணை வீடுகள் மட்டும் இருந்த அந்த இடத்தில் 1840ல் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். லோவெல் தம் பெயரில் இருக்கும் ஊரைப் பார்த்ததே இல்லை.

ஆள் எங்கே?

ஆறு கிடைத்தது, எந்திரம் கிடைத்தது. ஆள்? அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்து நியூ இங்கிலாந்துப் பகுதியில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது. இல்லாதவர்கள் மேற்கே போய் நிலம் தேடிக்கொண்டார்கள். ஆலைக் கூலிக்கு ஆண்கள் சுலபமாக வர மாட்டார்கள். அதுவும் போக, மான்செஸ்டரின் சேரிகளைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் இருந்தது. ஆலை வந்தால் வறுமையும் ஒழுக்கக்கேடும் கூடவே வரும் என்று நினைத்தார்கள்.

முதலாளிகளின் கண் விவசாயிகளின் மகள்கள் மீது விழுந்தது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதுவரை நூல் நூற்பது வீட்டுப் பெண் பிள்ளைகளின் வேலை. ஆலைத் துணி மலிவாக வந்ததும் வீட்டு ராட்டைக்கு வேலை இல்லாமல் போனது. ராட்டையை மூலையில் உட்கார வைத்த அதே ஆலை, ராட்டை சுற்றிய பெண்ணை வேலைக்குக் கூப்பிட்டது!

வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மாநிலங்களின் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். லோவெலின் பெரிய ஆலைகளில் ஒன்றான ஹாமில்டன் நிறுவனத்தின் 1836ஆம் ஆண்டுப் பதிவேடுகளை வரலாற்று ஆய்வாளர் தாமஸ் டப்ளின் ஆராய்ந்திருக்கிறார். தொழிலாளர்களில் சுமார் 85 சதவீதம் பெண்கள். பெரும்பாலோர் 15 முதல் 30 வயதுக்குள். வெளிநாட்டில் பிறந்தவர்கள் 4 சதவீதம்கூட இல்லை.

விடுதியும் மணியும்

கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக வெளியூருக்கு அனுப்ப எந்த அப்பா சம்மதிப்பார்? அதற்குத்தான் நிறுவனங்கள் தங்கும் விடுதிகளைக் கட்டின. ஆலையை ஒட்டி வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 25 முதல் 40 பெண்கள். ஒரு அறைக்கு நான்கு முதல் எட்டுப் பேர், ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். விடுதியை நடத்துபவர் பெரும்பாலும் கணவனை இழந்த, வயதில் மூத்த பெண்.

விதிகள் கறாரானவை. இரவு 10 மணிக்குக் கதவு சாத்தப்படும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போக வேண்டும். நடத்தை சரியில்லை என்றால் விடுதிக்காரர் நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும். முறையாக நன்னடத்தைச் சான்று வாங்காமல் வேலையை விட்டுப் போனால் கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறும். பிறகு அந்த ஊரில் எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது. முதலாளிகள் தங்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை வைத்திருந்தார்கள்.

நம்மூர் ஆலைக்குச் சங்கு என்றால் அந்த ஊர் ஆலைக்கு மணி. விடிவதற்கு முன்பே எழுப்புகிற மணி, உள்ளே போக ஒரு மணி, காலை உணவுக்கு ஒன்று, திரும்பி வர ஒன்று, மதியம், மாலை, இரவு படுக்க என்று நாள் முழுக்க மணிதான். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். அதற்குள் விடுதிக்கு ஓடி, சாப்பிட்டு, திரும்பி ஓடி வர வேண்டும். சூரியனைப் பார்த்து வேலை செய்து பழகிய விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு மணியைக் கேட்டு வேலை செய்வது முற்றிலும் புதிய அனுபவம். வாரத்துக்குச் சராசரியாக 73 மணி நேரம் வேலை.

உள்ளே தறிகளின் இரைச்சல். காற்றில் மிதக்கும் பஞ்சுத் தூசி. நூல் அறுந்துவிடாமல் இருக்க ஈரப்பதம் தேவை என்பதால் ஜன்னல்களைத் திறக்க விட மாட்டார்கள். தறி நாடாவின் சிறிய துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நூலோடு பஞ்சும் தூசியும் சேர்ந்து நெஞ்சுக்குள் போகும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைக்க வேண்டும்.

கையில் காசு

இவ்வளவு இருந்தும் ஏன் வந்தார்கள்? பதில் எளிமையானது. காசு!

1830களில் வாரக் கூலி மூன்று டாலரிலிருந்து மூன்றரை டாலர் வரை. அதில் விடுதிக்கு ஒன்றேகால் டாலர் போனாலும் கையில் இரண்டு டாலர் நிற்கும். வீட்டு வேலையிலோ, கிராமத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பதிலோ ஒரு பெண் இவ்வளவு பார்க்க முடியாது. சிலர் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார்கள், சிலர் அப்பாவின் கடனை அடைத்தார்கள், பலர் தங்களுக்காகவே சேர்த்து வைத்தார்கள்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் மதிப்பு புரியும். மனைவியின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். மாசசூசெட்ஸில் 1855ல்தான் திருமணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே உரியது என்று சட்டம் வந்தது. கணவனிடமிருந்து தப்பி, வேறு பெயரில் லோவெலில் வேலை பார்த்த பெண்கள் இருந்ததாக ஹாரியட் ஹான்சன் எழுதியிருக்கிறார். உண்மைப் பெயர் தெரிந்தால் கணவன் வந்து கூலியைக் கேட்டு வாங்கிப் போய்விடுவானாம்.

ஹாரியட்டே ஆலையில் வளர்ந்தவர். அப்பா இறந்த பிறகு அம்மா லோவெலில் ஒரு விடுதியை நடத்த வந்தார். ஹாரியட் பத்து வயதில் வேலைக்குப் போனார். நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றிவிட்டு வெறும் பாபின்களை மாட்டுவது அவருடைய வேலை. இன்னொரு சிறுமி லூசி லார்கம். அவருடைய அம்மாவும் விதவை, அவரும் விடுதி நடத்தியவர்தான். ஆலைக்குள் புத்தகம் கொண்டுவரத் தடை இருந்ததால், செய்தித்தாளில் வந்த கவிதைகளை வெட்டித் தன் ஜன்னலோரச் சட்டத்தில் ஒட்டி வைத்துப் படித்தவர் லூசி.

அந்த ஊரில் வாடகை நூலகங்கள் இருந்தன. மாலையில் சொற்பொழிவுகள் நடந்தன. 13 மணி நேரம் நின்ற கால்களோடு பெண்கள் அங்கே போய் உட்கார்ந்தார்கள்.

கூலி குறைந்தபோது

1834 பிப்ரவரி. வியாபாரம் மந்தம், கூலியைக் குறைக்கப் போகிறோம் என்றார்கள் முதலாளிகள். ஏறக்குறைய 15 சதவீதக் குறைப்பு. பெண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கூட்டம் நடத்திய ஒரு பெண்ணை நிர்வாகி வேலையை விட்டு அனுப்பினார். அவள் வெளியே வந்து தன் தலைத்துணியைக் காற்றில் வீசிக் காட்டினாள். ஜன்னல்களில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வேலையை விட்டு இறங்கினார்கள். சுமார் 800 பேர்! ஊரைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். சேமிப்பு வங்கிக்குப் போய்த் தங்கள் பணத்தை எடுத்தார்கள். விடுதலைப் போரில் சண்டையிட்ட பாட்டன்களின் பேத்திகள் நாங்கள் என்று அறிக்கை விட்டார்கள்.

ஆனால் சில நாட்களிலேயே போராட்டம் முடிந்துவிட்டது. சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் குறைந்த கூலிக்கே உள்ளே போனார்கள்.

1836 அக்டோபரில் அடுத்தது. இந்த முறை விடுதிக் கட்டணத்தை உயர்த்தினார்கள். கூலியைக் குறைப்பதும் இதுவும் ஒன்றுதானே? 1,500 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். பதினொரு வயது ஹாரியட் வேலை பார்த்த தளத்தில் பெரியவர்கள் போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள். யார் வந்தாலும் வராவிட்டாலும் தான் போகப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் நடந்தார். திரும்பிப் பார்த்தால் வரிசையாக எல்லோரும் பின்னால்! வாழ்க்கையில் அதைவிடப் பெருமையான தருணம் தனக்கு அதிகம் வாய்க்கவில்லை என்று முதுமையில் எழுதினார்.

இந்த வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். இம்முறை நிறுவனங்கள் கொஞ்சமாவது இறங்கி வர வேண்டியிருந்தது. ஆனால் ஹாரியட்டின் அம்மாவுக்கு விடுதி வேலை போனது. மற்ற பெண்களை அடக்க முடியாவிட்டாலும் சொந்த மகளை அடக்கியிருக்கலாமே என்பது நிர்வாகத்தின் வாதம்.

இவ்வளவு பேர் இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரண்டார்கள்? ஒரே அறையில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே மணிக்கு எழுந்தவர்கள் அவர்கள். காலையில் ஒரு மேசையில் பேசியது மாலைக்குள் விடுதி வரிசை முழுக்கப் பரவிவிடும். கண்காணிப்பதற்கென்று கட்டிய விடுதிதான் சங்கத்தின் முதல் அலுவலகம் ஆனது. கூலியில் மிச்சம் பிடித்த சேமிப்புதான் நான்கு நாள் கூலி இல்லாமல் நிற்கும் தைரியத்தைக் கொடுத்தது.

இரண்டு பத்திரிகைகள்

1840ல் 'லோவெல் ஆஃபரிங்' என்ற இதழ் தொடங்கியது. ஆலைப் பெண்களே எழுதிய கதைகள், கட்டுரைகள், கவிதைகள். 1842ல் அமெரிக்கா வந்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் லோவெலில் ஒரு நாளைக் கழித்தார். விடுதிகளில் பியானோ இருப்பதையும், பெண்கள் நூலகத்தில் சந்தா கட்டுவதையும், சொந்தமாக இதழ் நடத்துவதையும் பார்த்து வியந்தார். இதழின் 400 பக்கங்களைப் படித்துப் பார்த்துப் பாராட்டினார்.

முதலாளிகளுக்கு இது நல்ல விளம்பரம். "பாருங்கள், எங்கள் பெண்கள் எவ்வளவு நன்றாக இருக்கிறார்கள்!" அதே இதழில் 1840ல், ஆலை வாழ்க்கையின் இனிமைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் சாரா பாக்லி.

அதே சாரா பாக்லிதான் நான்கே ஆண்டுகளில் வேறு ஆளாக நின்றார். இடையில் என்ன நடந்தது? ஒரு பெண் பார்த்த இரண்டு தறிகள் மூன்றாயின, நான்காயின. எந்திரங்களின் வேகம் கூடியது. அதிகத் துணி எடுத்துக் காட்டும் மேற்பார்வையாளருக்குத் தனி ஊக்கத்தொகை. பெண்ணின் கூலி மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. 1844 டிசம்பரில் லோவெல் பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. சாரா அதன் தலைவர். 'ஆஃபரிங்' இதழ் குறைகளைப் பேசும் கட்டுரைகளைப் போட மறுக்கிறது என்று 1845ல் பொதுமேடையில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அந்த ஆண்டின் முடிவோடு 'ஆஃபரிங்' நின்றுபோனது. சங்கத்துப் பெண்கள் 'வாய்ஸ் ஆஃப் இண்டஸ்ட்ரி' என்ற தொழிலாளர் பத்திரிகையில் எழுதினார்கள். எழுதப் பழகிய கை எதை எழுத வேண்டும் என்பதை இப்போது தானே முடிவு செய்தது.

சட்டமன்றத்தின் முன்

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலை. இரண்டாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனுக்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போயின. விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். அதன் தலைவர் வில்லியம் ஸ்கூலர், லோவெலின் செய்தித்தாள் உரிமையாளர். கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் அவர்களே நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று தெரிவித்தார். பெண்கள் பொது இடத்தில் பேசுவதே தவறு என்று கருதப்பட்ட காலம் அது. வர மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். வந்தார்கள்!

1845 பிப்ரவரி 13. எலைசா ஹெமிங்வே என்ற நெசவுத் தொழிலாளி சாட்சி சொன்னார். அவர் வேலை செய்யும் அறையில் சுமார் 130 பெண்கள், 11 ஆண்கள், 12 சிறுவர்கள். காலையிலும் மாலையிலும் 293 சிறிய விளக்குகளும் 61 பெரிய விளக்குகளும் அந்த அறையில் எரியும். உடம்பு சரியில்லாமல் ஆறு பெண்களாவது வராத நாளே கிடையாது, சில நாள் முப்பது பேர்கூட வர மாட்டார்கள் என்றார்.

குழுவினர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். புல்வெளியும், அறைகளில் வளர்ந்த பூச்செடிகளும் அவர்களுக்குப் பிடித்திருந்தன. ஏப்ரல் மாதத்தில் தினசரி வேலை பதின்மூன்றரை மணி நேரம் என்பதை அவர்களே அறிக்கையில் பதிவு செய்தார்கள். ஆனாலும் இதில் சட்டமன்றம் தலையிடத் தேவையில்லை, தொழிலாளியும் முதலாளியும் பேசிக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டார்கள். ஆலைத் தொழிலாளர் நிலை பற்றி அமெரிக்காவில் ஓர் அரசு நடத்திய முதல் விசாரணைகளில் ஒன்று இப்படி முடிந்தது.

பெண்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. ஆனாலும் ஸ்கூலரைத் தோற்கடிக்கத் தங்களால் ஆனதைச் செய்வோம் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். லோவெல் வாக்காளர்களுக்குச் சங்கம் நன்றி சொன்னது! 1846ல் மறுபடியும் மனு. மாநிலம் முழுவதும் சுமார் 10,000 கையெழுத்து, அதில் 4,000க்கு மேல் லோவெலிலிருந்து மட்டும். மறுபடியும் மறுத்தார்கள்.

அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது?

இந்தக் கதையில் பேசாமல் விடக்கூடாத ஒரு பக்கம் இருக்கிறது. லோவெல் தறிகளில் ஓடிய பஞ்சு தென் மாநிலங்களிலிருந்து வந்தது. அதை விதைத்தவர்களும் பறித்தவர்களும் அடிமைகள். அதுமட்டுமல்ல, அங்கே நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி திரும்பவும் தெற்கே போய் அடிமைகளின் உடுப்பானது. 'லோவெல் துணி' என்றாலே அடிமைகள் உடுத்தும் மலிவான துணி என்று அங்கே பெயர் ஆகிவிட்டது.

1836 ஊர்வலத்தில் பெண்கள், நாங்கள் அடிமையாக மாட்டோம் என்ற பொருளில் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது உவமை. பஞ்சு பறித்த பெண்ணுக்கு அது உவமை இல்லை. அவளுக்கு வாரக் கூலி இல்லை, வேலையை விட்டு ஊர் திரும்பும் வழி இல்லை, மனு எழுதும் எழுத்தைக் கற்பதற்கே பல தென் மாநிலங்களில் தடை. ஆலைப் பெண்களில் சிலர் இதை உணர்ந்திருந்தார்கள். லூசி லார்கம் பிற்காலத்தில் எழுதிய 'வீவிங்' என்ற கவிதை, தறியில் நிற்கும் பெண் தெற்கே பஞ்சு பறிக்கும் பெண்களை நினைத்துக் கலங்குவதைப் பற்றியது.

பிறகு

1845க்குப் பிறகு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். பட்டினிக்குத் தப்பி ஆயிரக்கணக்கானோர் அமெரிக்கா வந்து இறங்கினார்கள். கூலி குறைவு, வேலை அதிகம் என்றாலும் அவர்களுக்கு வேறு வழியில்லை. கிராமத்துப் பெண்கள் மெல்ல மெல்ல விலகினார்கள். பள்ளி ஆசிரியை வேலை போன்ற புதிய கதவுகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. அதே ஹாமில்டன் ஆலையில் 1860ல் 60 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். போராடக் கற்றவர்கள் போய், போராட வசதியில்லாதவர்கள் வந்தார்கள். முதலாளிகளுக்கு இது சௌகரியமாகப் போயிற்று.

1853ல் லோவெல் ஆலைகள் வேலை நேரத்தை 11 மணியாகக் குறைத்தன. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்ற சட்டம் மாசசூசெட்ஸில் வந்தது 1874ல். முதல் மனுக்களுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து! கையெழுத்துப் போட்ட பெண்களில் பெரும்பாலோர் அப்போது ஆலையிலேயே இல்லை. அதன் பலன் போய்ச் சேர்ந்தது அயர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் பின்னால் வந்தவர்களின் மகள்களுக்கு.

சாரா பாக்லி 1846ல் லோவெலின் தந்தி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அமெரிக்காவின் முதல் பெண் தந்தி இயக்குநர்களில் அவர் ஒருவர். லூசி லார்கம் ஆசிரியையாகவும் கவிஞராகவும் பெயர் பெற்று, 1889ல் தம் இளமைக் காலத்தைப் புத்தகமாக எழுதினார். ஹாரியட் ஹான்சன் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்டு, 1898ல் 'லூம் அண்ட் ஸ்பிண்டில்' என்ற நூலை வெளியிட்டார். பழைய ஆலைகள் இருக்கும் பகுதி 1978ல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

லோவெல் பெண்கள் கேட்டதில் பெரும்பாலானவை கேட்டபோது கிடைக்கவில்லை. ஆனால் நல்ல விடுதி, நல்ல நூலகம், பூந்தொட்டி எல்லாம் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதில் இன்றும் நிற்கிறது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது வேறு, தன் நேரம் எவ்வளவு என்பதைத் தானே சொல்வது வேறு. அவர்கள் கேட்டது இரண்டாவதை.